என் போட்டோவுக்கு முளைத்த கோழிக்கால்

உங்கள் அம்மா வீட்டுக்கு முதன்முதலாகப் போய்ச் சேர்ந்த என் போட்டோவில், வேட்டிக் கரைக்குக் கீழே எனக்குக் கோழிக்கால் இருந்தது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு விரல், நகத்தோடு. அந்தக் காலால் உங்கள் அம்மா வேறு வீட்டுக்குப் போயிருப்பாள். நீங்கள் இரண்டு பேரும் இன்றைக்குப் பாபநாசத்தில் ஒரு கரண்ட் ஆபீஸ்காரரை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் சொல்லும்போதெல்லாம் சிரித்துவிட்டு நம்பாமல் போகிறீர்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தேறியவன். தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கிரகப்பிரவேசப் பத்திரிகை, கடை நோட்டீஸ், இவைதான் எங்கள் தொழில். முதலாளி அண்ணாச்சி புதிதாய் ஒரு கம்ப்யூட்டரும், மதுரையில் ஒருவரிடமிருந்து பழைய ஸ்கேனரும் வாங்கிப் போட்டார். ஸ்கேனர் ஓர் இட்லிக் கொப்பரை அளவு இருக்கும். மூடியைத் திறந்து கண்ணாடியில் படத்தைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே ஒரு வெளிச்சம் முக்கி முனகி நகரும். படம் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஸ்கேனர் படத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காது. மேலிருந்து கீழே வரி வரியாகச் சீவிக் கொடுக்கும். கம்ப்யூட்டர் முதலில், "எண்ணூறு வரி கொடு" என்று கேட்கும். கேட்டுவிட்டு எண்ணூறு வரி கொள்கிற பாத்திரம் ஒன்றை ஏந்திக்கொண்டு நிற்கும். ஸ்கேனர் அதில் ஊற்றும். நமக்குப் படம் வரும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அத்தனை ஒயர்.

சில சமயம், ஊற்றி முடித்ததும் திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கும். உள்ளே இங்கிலீஷில் ஒரு வரி, ஓர் எண். நான் முதல் நாளே அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்கிலீஷ்ல எது வந்தாலும் என்டரைத் தட்டுலே" என்றார். "அவன் மரியாதைக்கு ஏதாவது கேப்பான். வீட்டுக்கு வந்தவன்ட்ட காப்பி குடிக்கேளான்னு கேக்க மாட்டோமா? அது மாதிரி. நமக்கு வேலை முடியணும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அந்தக் கட்டம் வந்தால் நானும் மரியாதையாக என்டரைத் தட்டி அனுப்பிவைத்தேன்.

கோளாறு முதலில் பிள்ளையாரிடம்தான் தெரிந்தது. ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு, தீப்பெட்டி லேபிள் அளவு பிள்ளையாரைப் பெரிதாக்கி ஸ்கேன் செய்தேன். அதற்கு முன்னால் ஸ்கேன் செய்தது ஒரு டயர் கடை நோட்டீஸ். அச்சாகி வந்தபோது பிள்ளையாரின் காலடியில் மூஞ்சூறு இல்லை. பாதி டயர் இருந்தது. நான் பயந்துகொண்டே புது வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"பிள்ளையாரும் வண்டி மாத்திட்டாரு போல. நல்லாத்தான் இருக்கு, கட்டும்வே" என்று வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வாங்கினவரே சந்தோஷமாகப் போகும்போது நமக்கு என்ன என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆழ்வார்குறிச்சியில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண், உங்கள் அம்மா. உங்கள் தாத்தா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளை. ஜாதகம் பொருந்தியது. ஆனால் நான் ஆற்றுப் பாலத்தில் சைக்கிளோடு விழுந்து இரண்டு வாரம் நொண்டினதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அந்தச் செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி ஆழ்வார்குறிச்சி போய்விட்டது. "பையன் காலை இழுத்து இழுத்து நடக்கான்" என்று பேச்சு. அதனால் பெண்ணின் பெரியப்பா, முழு உருவப் போட்டோ வேண்டும், கால் தெரிய வேண்டும் என்று தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று பன்னிரண்டு பேர். போட்டோ பன்னிரண்டு கை மாறும். பன்னிரண்டு பேரும் சரி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. அவர்களிடம் பாபநாசத்துக் கரண்ட் ஆபீஸ் மாப்பிள்ளை போட்டோவும் ஏற்கெனவே இருந்தது. அவர் ஸ்டூடியோவில் நின்று எடுத்தது. இரண்டு காலும் ஷூவோடு.

என்னிடம் கால் தெரிகிற போட்டோ ஒன்றே ஒன்றுதான். ஒரு நண்பன் கல்யாணத்தில் நாங்கள் எட்டுப் பேர் வரிசையாக நிற்பது. அதில் நான் கட்டைவிரல் உயரம். அந்தப் போட்டோவை அப்படியே கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குப் பக்கத்தில் நிற்பவன் ஆறடி. சிவப்பு. பன்னிரண்டு பேரில் யாராவது அவனைக் கைகாட்டி, "இந்தப் பையன்னா சரி" என்று சொல்லிவிட்டால்? அதனால் என்னை மட்டும் தனியே பெரிதாக்கி எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். மிஷின் கையில் இருக்கும்போது எதற்கு ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது. இருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்குக் காலையில் முதல் வேலை ஒரு பிராய்லர் கடை நோட்டீஸ். பக்கம் முழுக்க ஒரு சேவல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அதை ஸ்கேன் செய்து முடித்தேன். அடுத்து என் போட்டோவை வைத்தேன். கட்டம் வந்தது. என்டர் தட்டினேன். எங்கள் திரை சின்னது. படத்தின் மேல்பாதிதான் தெரியும், மிச்சத்தைக் கீழே உருட்டித்தான் பார்க்க வேண்டும். முகம் வந்திருக்கிறது, மீசை வந்திருக்கிறது, சட்டைப் பையில் பேனா வந்திருக்கிறது. போதாதா? அச்சுக்குக் கொடுத்தேன். பிரிண்டரில் தாள் கவிழ்ந்துதான் விழும். விழுந்த தாளை நான் தொடுவதற்குள், பக்கத்தில் காத்து நின்ற தரகர் எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தரகர் அண்ணாச்சி, ஒரு தடவை பாத்துக்கிடுதேனே."

"உன் மூஞ்சியை நீ பாக்காததா? அம்பாசமுத்திரம் பஸ் கிளம்புதுலே" என்று ஓடிவிட்டார்.

மறுநாள் காலையில் நான் கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தரகர் வந்து நின்றார். குட்மார்னிங் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஏலே, காலைக் காட்டு."

"என்ன அண்ணாச்சி, வந்ததும் வராததுமா?"

"வேட்டியைத் தூக்குலே முதல்ல. நான் கண்ணால பாக்கணும். பதினெட்டு வருசமா தரகு பாக்கேன். சொட்டையை முடிச்சு வச்சிருக்கேன், தெத்துப்பல்லை முடிச்சு வச்சிருக்கேன், மாறுகண்ணுக்கு மாறுகண்ணையே பாத்து முடிச்சிருக்கேன். கோழிக்காலை முடிச்சு வச்சது கிடையாது."

தாளை விரித்துக் காட்டினார். மேலே நான், சிரித்த முகமாய். வேட்டிக்குக் கீழே அந்தச் சேவலின் கால். அதுவும் ஊன்றி நன்றாகத்தான் நின்றது.

"பெரியப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'நொண்டின்னாக்கூட யோசிக்கலாம். இது வீட்டுக்குள்ள விட்டா கிண்டிப் போட்டுருமே'ங்காரு. சின்ன அத்தை கல்யாணம் விடியுமுன்னயா விடிஞ்ச பொறவான்னு கேக்கா, மாப்பிள்ளை கூவணும்லா. பன்னெண்டு பேரும் சிரிச்சு முடிக்க ராத்திரி சாப்பாடு ஆறிப்போச்சு."

"மிஷின் கோளாறு அண்ணாச்சி!"

"நாளைக்கு மத்தியானம் பொண்ணோட அப்பா இங்கன வாராரு. கல்யாண வேலைக்கு வாழை இலை வாங்க வாராராம். பொண்ணுக்கும் டைப்பிங் சர்டிபிகேட் வாங்க வேண்டியிருக்காம். வந்த இடத்துல உன்னைப் பாக்க மாட்டாங்க. சும்மா இந்தப் பக்கமா நடப்பாங்க. புரியுதா? அதுக்குள்ள கால் வந்தாகணும். நாளைச் சாயந்தரம் கரண்ட் ஆபீஸுக்கு அவங்க பதில் சொல்லணும்."

நான் மதுரைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் ஸ்கேனரை அண்ணாச்சிக்கு விற்றபோது பேசினதைவிடக் குறைவாகத்தான் பேசினார், ஆனால் விளக்கமாகச் சொன்னார். கம்ப்யூட்டரில் இருக்கிற புரோகிராம் வேறு மாடல் ஸ்கேனருக்கு எழுதினதாம். சின்னப் படத்தைப் பெரிதாக்கும்போது புரோகிராம் ஓர் அளவில் கணக்குப் போடுகிறது, எங்கள் ஸ்கேனர் இன்னோர் அளவில் போடுகிறது. கம்ப்யூட்டர் எண்ணூறு வரி கேட்கிறது. ஸ்கேனர் எழுநூற்றிருபதோடு, "முடிந்தது" என்று நிறுத்திவிடுகிறது. கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காமல், எண்ணூறும் வந்துவிட்டது என்று நினைத்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கடைசி எண்பது வரி இடத்தில் போன தடவை ஊற்றினது மிச்சம் கிடக்கும். போன தடவை சேவல் என்றால், எண்பது வரியும் சேவல்.

"அப்ப என் கால்?"

"அது வரவே இல்லை சார். புது புரோகிராம் பிளாப்பியில போட்டுத் தபால்ல அனுப்புறேன். ஒரு வாரம் ஆகும்."

ஒரு வாரத்தில் உங்கள் அம்மாவுக்கு நிச்சயமே முடிந்துவிடும்.

கேட்டதைவிடக் குறைவாக வருகிறது என்றால் கூடுதலாகக் கேட்டால் போயிற்று என்று எனக்குத் தோன்றியது. புரோகிராமோடு இருந்த ஒரு குறிப்பில் எண்ணூறு என்று இருந்ததைத் தேடிப் பிடித்து ஆயிரம் என்று மாற்றினேன். ஸ்கேனர் தொள்ளாயிரம் வரி கொடுத்தது. பாத்திரமோ எண்ணூறுக்குத்தான். மிச்சம் நூறு வரி எங்கே போய்க் கொட்டியதோ, என்ன நனைந்ததோ, கம்ப்யூட்டர் அப்படியே மரமாய் நின்றுவிட்டது. மவுஸ் நகரவில்லை. எழுத்து விழவில்லை. அண்ணாச்சி வந்து பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். பிறகு என் தலையில் ஒரு தட்டு தட்டினார். அணைத்துப் போட்டு, பழையபடி எண்ணூறுக்கே மாற்றினோம்.

அப்புறம்தான் எனக்கு ஒரு வழி தோன்றியது. பாத்திரத்தில் பழசு கிடப்பதால்தானே கோழி வருகிறது? ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை ஸ்கேன் செய்துவிட்டால் பாத்திரம் கழுவின மாதிரி ஆகிவிடும்! ஒரு குட்டி முருகன் படத்தை வைத்துச் சோதித்தேன். முன்னால் வெள்ளைத்தாள், பின்னால் முருகன். டயர் இல்லை, சேவல் இல்லை, பளிச்சென்று வந்தார். அந்த முருகன் படத்தின் அடியில் ஏற்கெனவே ஒன்றும் இல்லாத வெள்ளைதான் இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் மத்தியானம் அவர்கள் பார்க்க வராமல் நடந்து வந்தார்கள். உங்கள் தாத்தா தோளில் ஒரு பெரிய வாழை இலைக் கட்டு. பின்னால் உங்கள் அம்மா, கையில் பழுப்பு உறை. அவள் வந்ததும் சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டாள். நாங்கள் அடித்த காலண்டர்தான். அதில் அப்படிப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"நாங்க ஒண்ணும் பாக்க வரல" என்றார் தாத்தா. "இலை வாங்க வந்தோம்."

"உக்காருங்க மாமா."

"மாமால்லாம் பொறவு பாப்போம். தம்பி, அங்கனயிருந்து இங்கன நடங்க."

நடந்தேன்.

"திரும்பி நடங்க. பைய."

பைய நடந்தேன். அண்ணாச்சி, "ஓடிக்கூடக் காட்டுவான்" என்று எடுத்துக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியுது, கால் நல்லாத்தான் இருக்கு" என்றார் தாத்தா. "ஊர்ல பன்னெண்டு பேருக்கு யாரு காட்டுவா? உங்களை மடிச்சு இந்தப் பையில வச்சா கொண்டு போக முடியும்? தாள்ல காட்டுங்க."

"இந்தா மாமா, ஒரே நிமிசம்" என்று நான் உட்கார்ந்தேன். வெள்ளைத்தாளை வைத்துப் பாத்திரத்தைக் கழுவினேன். போட்டோவை வைத்தேன். கட்டம் வந்தது, தட்டினேன். தாள் விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்க்காமலே, தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன்.

தாத்தா வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, முந்தாநாளு கோழிக்காலாவது இருந்துது."

எட்டிப் பார்த்தேன். வேட்டிக் கரையோடு நான் முடிந்துபோயிருந்தேன். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. காற்றில் நட்டமாய் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். சுவரிலிருந்த காலண்டரின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. உங்கள் அம்மாவின் முதுகு குலுங்குவது தெரிந்தது.

"இதை நான் கொண்டு போனா பெரியண்ணன் என்ன சொல்லுவாரு? முந்தாநாளு கோழி, இன்னைக்குப் பேய்ம்பாரு. பேய்க்குத்தான் கால் கிடையாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதுரைக்காரர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டது எண்ணூறு, வந்தது எழுநூற்றிருபது, பழசு கிடந்தது, அதைக் கழுவினது. தாத்தாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. இலைக் கட்டை மேஜை மேல் வைத்துத் தட்டினார்.

"இது பந்தி சமாச்சாரம்லா! எண்ணூறு பேருன்னு சொன்னான், எண்ணூறு இலை போட்டாச்சு. வந்தது எழுநூத்தியிருபது. மிச்சம் எம்பது இடத்துல முந்தின பந்தி எச்சில் இலை கிடக்கு. அதையும் ஆளுன்னு எண்ணிட்டுப் போவுது உங்க மிஷினு. நீங்க என்ன செஞ்சீங்க? எச்சில் இலையை எடுத்துட்டுத் துடைச்சு வச்சிட்டீங்க. துடைச்சது சரிதான். வராத எம்பது பேரு எங்க?"

"தெரியலியே மாமா."

"எந்தக் கல்யாண வீட்லயும் பந்தி விசாரிக்க ஒரு ஆளு நிப்பான். 'இந்த வரிசையில பத்து இடம் குறையுது, கூப்பிடுங்கவே'ன்னு கத்துவான். உங்க மிஷின்ல அப்படிக் கத்த ஒரு ஆளு கிடையாதா?"

அண்ணாச்சி, "அப்படி ஒரு ஆளை நாங்க வச்சுக்கிடல" என்றார்.

அப்போது காலண்டர் பக்கமிருந்து உங்கள் அம்மாவின் குரல். அவள் குரலை நான் முதல் தடவையாகக் கேட்டது அப்போதுதான்.

"அப்பா, அது கத்துது. அவியதான் அது வாயை மூடுதாவ."

"என்னம்மா சொல்லுத?"

"நான் இங்கன கண்ணாடியில பாத்துக்கிட்டுதான் நிக்கேன். படம் முடிஞ்சதும் திரையில ஒரு கட்டம் வருது. அதைப் படிக்கவே விடாம அவிய பட்டுனு தட்டுதாவ. இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க. தட்டக் கூடாதுன்னு சொல்லுங்க."

காலண்டருக்குப் பக்கத்தில் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் என்னையும் திரையையும் அவள் அவ்வளவு நேரமும் பார்த்திருக்கிறாள்!

இன்னொரு தடவை செய்தேன். கட்டம் வந்தது. என் சுண்டுவிரல் தானாகவே என்டருக்குப் போனது. தாத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் அம்மா திரும்பி, என்னைத் தாண்டிப் போய், திரைக்கு எதிரே குனிந்து படித்தாள். டைப்பிங் படித்த இங்கிலீஷ், தட்டுத் தடுமாறாத இங்கிலீஷ்.

"கேட்டது முழுசா வரல, இன்னும் எம்பது பாக்கின்னு போட்டிருக்கு. எண்ணையே போட்டிருக்குப்பா."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி தெருவைப் பார்த்தார். அத்தனை மாதமாக அந்த மிஷின் ஒவ்வொரு தடவையும் குறையை எண்ணி, எழுதி, கட்டம் போட்டு நீட்டியிருக்கிறது. நாங்கள் காப்பி வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

"அப்ப அந்த எம்பதை மட்டும் தனியாக் கூப்பிடு" என்றார் தாத்தா. கல்யாண வீட்டில் சொல்கிற அதே தோரணை.

அது சுலபமாகத்தான் இருந்தது. போட்டோவைக் கண்ணாடியில் மேலே ஏற்றி, என் கால் மட்டும் முதலில் வருகிற மாதிரி வைத்தேன். இருநூறு வரி கேட்டேன். கால் எண்பது வரிக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு குறைந்தது வெறும் தாள்தான், குறைந்தால் குறையட்டும். அந்தக் காலை எடுத்து, திரையில் முதல் படத்தின் வேட்டிக்குக் கீழே பைய நகர்த்தி ஒட்டினேன். தாத்தா, "இடது, இடது, போதும்" என்று லாரிக்கு வழி சொல்வதுபோல் சொன்னார். ஒரு நூல் அளவு கோணலாகத்தான் ஒட்டியது.

"வலது கால் கொஞ்சம் விலகி நிக்கே" என்றார்.

"கால் இருக்குல்லாப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் உங்கள் அம்மா. தாளைத் தாத்தா சுருட்டப் போனார். அவள் வாங்கித் திருப்பி, மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சர்டிபிகேட் இருந்த உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயந்தரம் ஐந்து மணிக்கு ஆழ்வார்குறிச்சி டெலிபோன் பூத்திலிருந்து தரகர் போன் செய்தார். நான் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"கால் எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சுலே. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுட்டு விரலை எண்ணுனாரு. பத்துதான்."

"அப்ப சரின்னுட்டாங்களா அண்ணாச்சி?"

"பதறாத. கால் முடிஞ்ச பொறவுதான் மூஞ்சிக்கு வந்தாங்க. இவ்வளவு நாளும் யாரும் மூஞ்சியைப் பாக்கவே இல்ல போல. அதுல கொஞ்சம் பேச்சு. சின்ன அத்தை, 'மூஞ்சியையும் ஒரு தடவை திருப்பி எடுத்து ஒட்டச் சொல்லுங்களேன்'னு கேக்கா."

காலண்டர் பக்கத்துக் கண்ணாடியில் என் மூஞ்சியை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"பொண்ணுதான் முடிச்சு வச்சா" என்றார் தரகர். "'மூஞ்சி அங்கன ஒழுங்காத்தான் வந்திருக்கு, மிஷின்ல குறை ஒண்ணும் காட்டல. இருக்கதே அவ்வளவுதான், நான் கட்டிக்கிடுதேன்'ன்னுட்டா."